நான் வரைந்த பள்ளம்

சென்ற மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஓர் உணவகத்தின் மாடியில் உங்கள் வீட்டு வடிவமைப்பாளர் சங்கக் கூட்டத்துக்கு என்னை அழைத்திருந்தீர்கள். உங்களில் ஒருவர் எழுந்து, "அங்கிள், ஒங்களோட இன்ஸ்பிரேஷன் என்னா?" என்று கேட்டார். நான் பிறந்து வளர்ந்த ரயில்வே குவார்ட்டர்ஸைப் பற்றிச் சொன்னேன். அதன் மரப்பலகை ஜன்னல் வழியே பட்டை பட்டையாக விழும் வெயிலைப் பற்றிச் சொன்னேன். எல்லோரும் கைதட்டினீர்கள். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு ஜன்னல் வெயிலால் என்ன பயன்?

அந்த வார்த்தை, அதுதான் அந்த இன்ஸ்பிரேஷன், ஒரு பெண்மணியை அவர் சொந்த வீட்டுக்கே பின்வாசல் வழியாக வரவைத்திருக்கிறது. அப்படி வரவைத்தவன் நான். அந்த வீட்டின் ஒரு படம்கூட என் ஆல்பத்தில் இல்லை. அதைத்தான் அன்று சொல்லியிருக்க வேண்டும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. கோலாலம்பூரில் பெயர்பெற்ற ஒரு வடிவமைப்பு நிறுவனத்தில் எனக்கு அது ஏழாவது வருடம். எங்கள் டைரக்டர் லண்டனில் படித்துவிட்டு வந்தவர். அலுவலகத்தில் ஆங்கிலம்தான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் தமிழ். வெளிநாட்டுப் பத்திரிகைகள் அவர் மேசைக்குத்தான் முதலில் வரும். அவர் பார்த்து முடித்த பிறகு நாங்கள் அடித்துப்பிடித்துக்கொண்டு பார்ப்போம். அப்படிப் பார்த்த ஒரு படத்தில் நான் மயங்கிப்போனேன். கூடத்தின் தரையை மூன்று படி ஆழத்துக்கு இறக்கி, சுற்றிலும் சிமெண்டு இருக்கை கட்டி, அதன்மேல் மெத்தை போட்டு, அடர்த்தியான கம்பளம் விரித்திருந்தார்கள். விருந்தாளிகள் அந்தப் பள்ளத்தில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்து என் மேசைக் கண்ணாடியின் கீழே வைத்துக்கொண்டேன். இதைக் கேட்க ஒரு ஆள் வரட்டும் என்று காத்திருந்தேன்.

யாரும் கேட்டு வரவில்லை. மாணிக்கம் வந்தார், அவர் தலையில் கட்டினேன்.

மாணிக்கம் கிள்ளானில் லோரி முதலாளி. மணல், கல், செம்மண் ஏற்றுகிற லோரிகள் அவருடையவை. கெலிண்டானாக, அதாவது ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து ஏற்றி இறக்க உதவும் ஆளாகத் தொடங்கியவர். ஐம்பது வயதில் சொந்தமாக ஒரு பங்களா கட்டினார். எங்கள் அலுவலக நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருப்பார். அந்தப் பத்திரிகைப் படத்தை நீட்டியதும் இரண்டு கைகளாலும் வாங்கிப் பார்த்தார்.

"ஹோட்டல் மாதிரி இருக்கு தம்பி" என்றார்.

"வீட்ல ஆன்டிக்கு என்ன பிடிக்கும் பாஸ்? ஒருதடவை அவங்களையும் கூட்டிட்டு வரீங்களா?" என்று கேட்டேன். கேட்க வேண்டுமே என்பதற்காகக் கேட்டது.

"அவளுக்கு இதெல்லாம் என்னா தெரியும்? நீங்க படிச்சவங்க, நீங்க போடுங்க லா."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஒரு ஆள் குறைந்தால் ஒரு ஆட்சேபம் குறைந்தது. நீங்களும் இப்படிச் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். இல்லை என்று சொல்லாதீர்கள்.

கட்டடம் பாதி எழும்பியபோது மாணிக்கம் சில வாரங்கள் வரவில்லை. பிறகு வந்தவர், "வீட்ல ஒடம்பு சரியில்ல தம்பி. ஆஸ்பத்திரியும் வீடுமா அலையறேன்" என்றார். நான் "ஓ, அப்படியா பாஸ்" என்று சொல்லிவிட்டு, கம்பளத்துக்குச் செங்கல் நிறமா, தேன் நிறமா என்று மாதிரித் துண்டுகளை அவர் முன்னால் பரப்பினேன். என்ன நோய் என்றுகூடக் கேட்கவில்லை. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் இதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

வீடு முடிந்தது. ஒரு பத்திரிகை படம் எடுத்துப் போட ஒப்புக்கொண்டது. அதற்கு இரண்டு வாரம் முன்பு, மெத்தைகள் சரியாகப் பொருந்தியிருக்கின்றனவா என்று பார்க்கக் காலையில் கிள்ளானுக்குப் போனேன். முன்கதவைத் திறந்தேன். எனக்கு எதிரே, பள்ளத்தின் அந்தக் கரையில், சக்கர நாற்காலியில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. நைட்டிமேல் துண்டு போட்டிருந்தார். இடதுகால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

"நீங்கதான் டிசைனரா?"

"ஆமாங்கக்கா."

"நான் மாணிக்கத்தோட சம்சாரம், சரோஜா. அங்கேயே நில்லுங்க. எனக்கு நீங்க நிக்கிற எடத்துக்கு வரணும். எப்படி வர்றதுன்னு சொல்லுங்க."

வேடிக்கைக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். பிறகு நானும் வழி தேடினேன். காகிதத்தில் அந்த வீட்டின் ஒவ்வோர் அங்குலமும் எனக்குத் தெரியும். முன்னால் வாசற்படி, சாமி மேடை, டெலிபோன். பின்னால் படுக்கையறைகள், சமையலறை. இரண்டுக்கும் நடுவே சுவரிலிருந்து சுவர்வரை என் பள்ளம். ஓரமாக ஒரு நடைபாதை விட்டிருக்கலாம். விட்டால் பள்ளம் சிறியதாகத் தெரியும், அதனால் விடவில்லை. இந்தப் பக்கம் மூன்று படி இறங்கி, அந்தப் பக்கம் மூன்று படி ஏற வேண்டும். வேறு வழியே கிடையாது.

"வெளிய போயி சுத்தி வந்தா..." என்று இழுத்தேன்.

"சமையக்கட்டு கதவுல ரெண்டு படி இருக்கு தம்பி. ரெண்டு பேரு தூக்கணும். நேத்து ஆஸ்பத்திரியிலேர்ந்து அப்படித்தான் கொண்டாந்தாங்க. சொந்த வீட்டுக்கு மொத மொதல்ல வரேன், பின்வாசல் வழியா. மூட்டை தூக்குற மாதிரி."

அவர் அழவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. எதிரே இருந்த சாமி மேடையைக் காட்டினார். "அந்த வெளக்க நான் ஏத்த முடியாது. போன் அடிச்சா எடுக்க முடியாது. யாராச்சும் வந்து மணி அடிச்சா கதவத் தொறக்க முடியாது. சக்கரைக்கு கால எடுத்து மூணு மாசமாச்சு. இதெல்லாம் தெரிஞ்சுதான் வரைஞ்சீங்களா?"

"தெரியாதுக்கா. அண்ணன்கிட்ட கேட்டுத்தான்..."

"அவரு காலையில போனா ராத்திரிதான் வராரு. பகலெல்லாம் இந்த வீட்ல இருக்கப்போறது யாருன்னு கேட்டீங்களா?"

நான் படியிறங்கி, அந்தச் செங்கல் நிறக் கம்பளத்தில் நடந்து, அவர் பக்கம் ஏறினேன். ஆறு படிகள். என் தொழில்வாழ்க்கையில் நான் மிதித்ததிலேயே மோசமான ஆறு படிகள்.

அன்று பிற்பகலே டைரக்டரின் அறைக்குப் போனேன். பள்ளத்தை மூட வேண்டும், குறைந்தது ஓரமாக ஒரு பாலமாவது போட வேண்டும் என்றேன். அவர் நிமிராமலே கேட்டார்.

"படம் எடுத்த பிறகு பலகை கிலகை போட்டுக்கட்டும். இப்ப என்னா அவசரம்?"

"அவங்க இப்பவே அந்த வீட்ல இருக்காங்க சார்."

"படம் எடுக்கிற அன்னைக்கு அவங்க பந்திங்ல தங்கச்சி வீட்டுக்குப் போறாங்க. மாணிக்கம்கிட்ட பேசியாச்சு. நீ முன்னாடியே போயி எல்லாம் கிளீனா இருக்கான்னு பாரு. அந்த வீல்சேர் எந்த பிரேம்லயும் வரக்கூடாது."

அன்று தமிழில் பேசினார், கவனித்தீர்களா? கோபம் வந்துவிட்டது அவருக்கு. எனக்கும் வந்தது. ஆனால் நான் கதவைச் சாத்திக்கொண்டு என் மேசைக்குத்தான் திரும்பினேன். பயம் மட்டும் காரணம் என்று சொன்னால் உங்களுக்கு என்மேல் இரக்கம் வரும். அந்த இரக்கம் எனக்கு வேண்டாம். பத்திரிகையில் படத்தின் கீழே என் பெயரும் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அதுதான் காரணம்.

படம் எடுக்கிற நாளும் வந்தது. எட்டரை மணிக்கு நான் கிள்ளானில் இருந்தேன். மாணிக்கம் லைசென்ஸ் விஷயமாகத் துறைமுகம் போயிருந்தார். பதினொரு மணிக்கு டைரக்டரையும் புகைப்படக்காரரையும் அழைத்துக்கொண்டு வருவதாக ஏற்பாடு. சரோஜா அக்காவைப் பந்திங்குக்கு ஏற்றிப்போக ஒரு கார் வாசலில் நின்றது. அவர் முன்புபோலவே பள்ளத்தின் அந்தக் கரையில் இருந்தார். இந்தமுறை சேலை கட்டி, தலைவாரி, பொட்டு வைத்திருந்தார்.

"கார் வந்துருச்சுக்கா" என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கு அருவருப்பாக இருந்தது.

"அத அனுப்பிருங்க. நான் போகல." பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "தம்பி, எனக்கு ஒரு ஒதவி. ஒங்க பக்கத்துல போன் இருக்கு. எனக்கு எட்டாது. லோரி ஆபீசுக்கு அடிங்க. நான் சொல்றத அப்படியே சொல்லுங்க."

எண்ணைச் சொன்னார். சுழற்றினேன். மறுமுனையில் அலுவலகப் பொறுப்பாளர், மண்டோர் மணியம், எடுத்தார்.

"ரெண்டு லோரி மணல்னு சொல்லுங்க" என்றார் அக்கா.

நான் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டேன். "எதுக்குக்கா?"

"எதுக்குன்னு ஒங்களுக்குத் தெரியும்."

தெரிந்தது. ரிசீவருக்குள் "ஹலோ, ஹலோ" என்று மணியம் கத்திக்கொண்டிருந்தார். இந்த இடத்தில்தான் நீங்கள் உங்களை வைத்துப் பார்க்க வேண்டும். சொன்னால் வேலை போகும். ஏழு வருடத்தில் நான் செய்த சிறந்த வேலையென்று நம்பிய ஒன்று மண்ணுக்குள் போகும். சொல்லாவிட்டால், காலில்லாத ஒரு பெண்மணியின் வாயையும் பொத்தியவன் ஆவேன். யோசிக்கக் கிடைத்தது ஐந்து விநாடி. எந்தப் பாடப்புத்தகத்திலும் இதற்கு விடை இல்லை.

"வீட்டுக்கு ரெண்டு லோரி மணல் வேணுமாம்" என்றேன்.

"யாரு பேசறது? பாஸ் சொன்னாரா?"

"டிசைனர் பேசறேன். சரோஜா அக்கா சொல்றாங்க."

மணியத்தின் குரல் மாறிவிட்டது. "அக்காவா? அக்கா வந்துட்டாங்களா? எங்ககிட்ட யாருமே சொல்லலியே! ரெண்டு போதுமான்னு கேளுங்க."

பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பதினாலு வருடம் அந்த லோரி ஆபீசை நடத்தியதே சரோஜா அக்காதான். எந்த லோரி எந்த மணல் குட்டைக்குப் போக வேண்டும், எந்த ஓட்டுநருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, எவருக்கு லீவு என்று எல்லாம் அவர் தலைக்குள் இருந்திருக்கிறது. 'அவளுக்கு என்னா தெரியும்' என்று மாணிக்கம் சொன்னது இந்தப் பெண்மணியைத்தான்.

டெங்கில் குட்டையிலிருந்து மணலோடு வந்து யார்டில் நின்றிருந்த இரண்டு லோரிகளும் முக்கால் மணி நேரத்தில் ரிவர்ஸிலேயே வாசலுக்கு வந்து நின்றன. மணியமும் ஐந்தாறு ஆட்களும் மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக இறங்கினார்கள். ஒருவர் அக்காவின் காலைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா, "அழுவறதெல்லாம் அப்புறம். மொதல்ல மெத்தைய எடுங்கடா" என்று அதட்டினார்.

மெத்தைகளை நானே எடுத்துக் கொடுத்தேன். முதல் வண்டி மணல் கம்பளத்தின்மேல் விழுந்தபோது என் மேசைக் கண்ணாடியின் கீழிருந்த அந்தப் படத்தைத்தான் நினைத்தேன். அதை மறைக்கமாட்டேன். பிறகு அந்த நினைப்பும் போய்விட்டது. எந்த மட்டம்வரை கொட்ட வேண்டும் என்று நான்தான் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டேன். மணலில் சக்கரம் உருளாதே. மிச்சமிருந்த பிளைவுட் பலகைகளைத் தேடிப்பிடித்து மேலே பரப்பினோம். என் சட்டையெல்லாம் வியர்வை, மண். அந்த வீட்டுக்காக நான் உருப்படியாகச் செய்த முதல் வேலை அதுதான்.

கடைசிப் பலகை விழுவதற்கும் வாசலில் கார் நிற்பதற்கும் சரியாக இருந்தது.

அக்கா யாரையும் தள்ளவிடவில்லை. சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு, பலகை தடதடக்க, பள்ளம் இருந்த இடத்தைக் கடந்து முன்கதவுக்கு வந்தார். கதவைத் தானே திறந்தார். வெளியே கணவர், டைரக்டர், கேமராவோடு புகைப்படக்காரர்.

"வாங்க" என்றார் அக்கா. "உள்ள வாங்க."

டைரக்டர் அக்காவின் தலைக்கு மேலாகக் கூடத்தைப் பார்த்துவிட்டு என்னை நோக்கிப் பாய்ந்தார். "யாரக் கேட்டுய்யா இதச் செஞ்ச? எவ்ளோ நல்ல டிசைன்! நாளைக்கு ஆபீஸ் பக்கம் வராத!"

"இந்த வீட்ல இருக்கவங்களக் கேட்டேன் சார். ஒரு வருஷம் லேட்டாக் கேட்டேன்" என்றேன். நான் அப்படிப் பதில் பேசுகிறவன் அல்ல. அன்று வந்தது.

அவர் மாணிக்கத்தின் பக்கம் திரும்பினார். "மிஸ்டர் மாணிக்கம், நீங்களாச்சும் சொல்லுங்க. ஒங்க வீட்ட என்னா பண்ணி வச்சிருக்காங்க பாருங்க!"

மாணிக்கம் மனைவியைப் பார்த்தபடியே நின்றார். அவர் முகம் கறுத்துப்போயிருந்தது. திட்டப்போகிறார் என்று மணியம்கூட ஓரடி பின்வாங்கினார். ஆனால் மாணிக்கம் டைரக்டரைத் திட்டினார்.

"நான் கேட்டேன்லா! ஆபரேஷன் முடிஞ்ச மறுவாரமே ஒங்க ஆபீசுக்கு வந்து கேட்டேன். சாய்வா ஒரு பலகை போடலாமான்னு கேட்டேன். நீங்க என்னா சொன்னீங்க? லைன் கெட்டுடும், பாக்கறவங்க சிரிப்பாங்கன்னு சொன்னீங்க. எனக்கு என்னா தெரியும்? நான் லோரி ஓட்டுனவன். படிச்சவரு சொல்றாருன்னு வாய மூடிட்டு வந்தேன்!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்று மாதமாக டைரக்டருக்குத் தெரிந்திருக்கிறது. அப்போது மெத்தைகூடத் தைக்கவில்லை. ஒரே நாளில் மாற்றியிருக்கலாம். ஒரு மனிதர், தன் வாழ்நாளில் யாருக்கும் அஞ்சாத மனிதர், கூச்சத்தோடு வந்து ஒரே ஒரு பலகை கேட்டிருக்கிறார். சிரிப்பார்கள் என்று சொல்லி அவரை வெட்கப்படவைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். 'அவர்' என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. 'நாம்' என்றுதான் சொல்ல வேண்டும். நம் தொழிலே அதைச் செய்தது. இன்றும் செய்துகொண்டிருக்கிறது. வாடிக்கையாளருக்கு ரசனை இல்லை என்று நீங்கள் கூடிப்பேசிச் சிரிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாசலில் நின்ற மாணிக்கத்தின் முகம்தான் தெரிகிறது.

"அதுக்காக என்னைப் பந்திங்குக்கு அனுப்பப் பாத்தீங்களா?" என்று அக்கா கணவரைக் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார்.

மாணிக்கம் தலைகுனிந்தார். காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றினார். கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு உள்ளே போய், ஓரத்துப் பலகை ஒன்றைத் தூக்கி மணலில் கையை விட்டுப் பார்த்தார்.

"மணியம், தண்ணி அடிச்சு இறுக்கினியா?"

"இல்ல பாஸ். இப்பத்தான் போட்டோம்."

"அறிவிருக்காடா? அப்படியே வுட்டா எறங்கிடும்லா! அக்கா சக்கரம் புதைஞ்சா என்னா செய்வ? பலகையெல்லாம் தூக்கு. பைப்ப இழுத்துட்டு வா."

டைரக்டரும் புகைப்படக்காரரும் எப்போது போனார்கள் என்று நான் கவனிக்கவில்லை. கார் சத்தம் மட்டும் கேட்டது. ஏழு வருட வேலை அந்தச் சத்தத்தோடு போயிற்று.

மறுவாரம் மணல்மேல் சிமெண்டு போட்டு ஒரே மட்டமாகத் தரை பூசினார்கள். வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த என்னை அக்கா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். பாராட்டப்போகிறார் என்று நினைத்து நல்ல சட்டையாக எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன். அவர் சோபாவில் உட்கார்ந்திருந்தார். மடியில் லோரி ஆபீஸ் நோட்டுப்புத்தகம், கையில் பென்சில். சக்கர நாற்காலி எதிரே காலியாக இருந்தது.

"அதுல உக்காருங்க" என்றார்.

"எதுக்குக்கா?"

"உக்காருங்க லா. வீடு பூரா ஒரு சுத்து போயிட்டு வாங்க. கால கீழ ஊனக்கூடாது. எங்க முட்டுதோ அங்கேருந்தே சத்தமாச் சொல்லுங்க, நான் எழுதறேன்."

உட்கார்ந்தேன். என் வீட்டை, நான் வரைந்த வீட்டை, முதல்முறையாகப் பார்த்தேன். விளக்கு சுவிட்சுகள் தலைக்கு மேலே இருந்தன. தோட்டம் தெரிய வேண்டும் என்று பெருமையோடு வைத்த ஜன்னலில் வெறும் ஆகாயம்தான் தெரிந்தது. சமையல் மேடை மார்பில் இடித்தது. ஒவ்வொன்றையும் கத்திச் சொன்னேன். குளியலறைக் கதவில் நாற்காலி சிக்கிக்கொண்டது. பலம்கொண்ட மட்டும் தள்ளினேன். இரண்டு கை முட்டிகளும் கதவுநிலையில் உரசித் தோல் வழன்றது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை.

"அக்கா, பாத்ரூம் கதவு" என்று கத்தினேன். "சிக்கிக்கிட்டேன்!"

கூடத்திலிருந்து பென்சில் ஓடும் சத்தம் கேட்டது.

"எழுதிட்டேன்" என்றார் அக்கா. "அடுத்தது?"